என் கணினியில் வராத வார்னிங்

ஆர் நிரல்மொழிக்கு எழுதிய பேக்கேஜை, அத்தகைய பேக்கேஜ்களின் பொதுக் களஞ்சியமான கிரானுக்கு அனுப்பும்போது வரும் கம்பைலர் வார்னிங்கை எப்படிச் சரிசெய்வது என்று பலரும் கேட்கிறார்கள்; என் பங்குக்கு ஒன்று. எங்கள் பேக்கேஜுக்குள் யாரோ எப்போதோ எழுதிய சி நூலகம் ஒன்று இருக்கிறது. என் உபுண்டுவில் ஜிசிசி என்ற கம்பைலரைப் போட்டுச் சோதித்தால் சுத்தமாக இருக்கும். கிரானிலோ ஜிசிசி, இன்னொரு கம்பைலரான கிளாங் இரண்டிலும் கம்பைல் செய்து பார்க்கிறார்கள். கிளாங் 15 வந்த பிறகு, சி-யில் வெற்று அடைப்புக்குறியோடு அறிவித்த ஃபங்ஷன் ஒவ்வொன்றுக்கும் 'ஸ்ட்ரிக்ட் ப்ரோட்டோடைப்ஸ்' என்று முறையிட ஆரம்பித்துவிட்டது. ஃபங்ஷன் என்னென்ன ஆர்கியுமென்ட் (உள்ளே கொடுக்கும் மதிப்பு) வாங்கும் என்று சொல்லும் அறிவிப்புதான் ப்ரோட்டோடைப்.

சி++இல் வெற்று அடைப்பு என்றால் ஆர்கியுமென்ட் இல்லை என்று பொருள். பழைய சி-யில் அப்படி இல்லை. என்ன வரும் என்று சொல்லவில்லை, அவ்வளவுதான். அதனால் அழைக்கிற இடத்தில் எதைக் கொடுத்தாலும் கம்பைலர் கேட்காது. எல்லா இடத்திலும் அடைப்புக்குள் 'வாய்ட்' (எதுவும் இல்லை) என்று நிரப்பிவிட்டால் போதும் என்று பலரும் சொல்வார்கள். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். ஒரு ஃபங்ஷனில் மட்டும் வார்னிங் போய் எரரே வந்தது. அறிவிப்புகள் இருக்கும் ஹெடர் கோப்பில் வெற்று அடைப்பு. உள்ளே போய்ப் பார்த்தால் அது ஒரு டபுள், அதாவது தசம எண், வாங்குகிறது. அழைக்கும் இடத்தில் தசமப்புள்ளி இல்லாமல் வெறும் 2 என்று எழுதியிருக்கிறார்கள். ப்ரோட்டோடைப் இருந்திருந்தால் கம்பைலரே அதை 2.0 ஆக்கியிருக்கும். இல்லாததால் முழு எண்ணாகவே போய், ஃபங்ஷன் ப்ராசஸரின் வேறொரு ரெஜிஸ்டரில் கிடந்த குப்பையை எடுத்துக் கணக்குப் போட்டிருக்கிறது! இத்தனை நாள் அந்த அழைப்பு இருந்த கிளைக்குள் யாரும் போகாததால் தப்பித்தோம்.

மற்ற வார்னிங்குகள் லேசு. பிழைச் செய்தியை நேராக எரர் ஃபங்ஷனுக்குக் கொடுக்காமல் முன்னால் '%எஸ்' வைத்தால் ஃபார்மட் வார்னிங் போய்விடும். ஆரையும் சி++ஐயும் இணைக்கும் ஆர்சிபிபி பேக்கேஜ் உருவாக்கிய கோப்பில் அதே வார்னிங் வந்தால் கையால் தொடாதீர்கள்; ஆர்சிபிபியைப் புதுப்பித்து மறுபடி உருவாக்குங்கள். 'எஸ்பிரின்ட்எஃப்' இருந்த இடத்தில், பஃபரின் அளவையும் கேட்கும் 'எஸ்என்பிரின்ட்எஃப்' போடும்போது மட்டும் கவனம்: பஃபர் பாயின்டராக வந்திருந்தால் 'சைஸ்ஆஃப்' பாயின்டரின் அளவைத்தான் சொல்லும், 64 பிட்டில் 8.

கம்பைலருக்குச் சொல்லும் கட்டளையான பிராக்மாவைப் போட்டு வார்னிங்கை அமுக்கலாமே என்று தோன்றும். ஆரின் சோதனைக் கட்டளையான செக் அதையும் தேடிப் பிடித்துச் சொல்லிவிடுகிறது. சொல்லாவிட்டாலும் நான் செய்ய மாட்டேன், அந்த 2 அப்படியே கிடந்திருக்கும்.

அனுப்புவதற்கு முன், விண்டோஸில் பேக்கேஜைச் சோதித்துத் தரும் இணையச் சேவையான விண்-பில்டரில் ஏற்றிப் பார்ப்பது நல்லதுதான், ஆனால் அங்கே ஓடுவதும் ஜிசிசி. கிளாங்கின் வார்னிங் தெரியாது. கிளாங்கை நிறுவி, கம்பைலர் அமைப்புகளைச் சொல்லும் உங்கள் மேக்வார்ஸ் கோப்பில் அதையே கம்பைலராகக் குறித்து, கூடுதல் வார்னிங்குகளைக் காட்டும் 'வால்', 'பெடான்டிக்' இரண்டு தேர்வுகளையும் சேர்த்து ஒரு முறை ஓட்டுங்கள். மேக்குக்கு மேக்பில்டர் தனியாக இருக்கிறது.