ஆப்பு வைக்காத ஆப் எது? இலவசம், தள்ளுபடி பற்றி மதுரைப் பக்கத்து அனுபவங்கள் (பேசுறவங்க பேருக்குப் பதிலா அவங்கவங்க ஏரியா)

சிம்மக்கல்:
பிளே ஸ்டோர்ல விலை வச்ச ஆப் சில நாளைக்கு மட்டும் சும்மா கிடைக்கும். பழைய விலையைக் கோடு போட்டு அடிச்சிருப்பாங்க. நிறையப் பேர் "இப்ப தேவையில்லையே, அப்புறம் பாத்துக்கலாம்"னு விட்டுருறாங்க. அன்னைக்கே பயன்படுத்தணும்னு எந்த அவசியமும் இல்லை. இன்ஸ்டால் தட்டினதுமே அது உங்க கூகுள் கணக்குல ஏறிரும். அஞ்சு நிமிஷத்துல அழிச்சாலும் சரி, அடுத்த வருஷம் போன் மாத்தினாலும் சரி, காசில்லாம திரும்ப இறக்கிக்கலாம். தேடுற இடம்: ஸ்டோர்ல வலது மேல் மூலையில இருக்குற உங்க படம், மேனேஜ் ஆப்ஸ் அண்ட் டிவைஸ், அதுல மேனேஜ். அங்க "இன்ஸ்டால்டு"ன்னு இருக்குறதைத் தட்டி "நாட் இன்ஸ்டால்டு"ன்னு மாத்தினா பழைய சரக்கெல்லாம் வரிசையா நிக்கும்.

வழுக்குற இடம், போன்ல ரெண்டு மூணு கணக்கு வச்சிருக்கிறது. அந்த மூலையில எந்தப் படம் தெரியுதோ அந்தக் கணக்குலதான் ஆப் ஏறும். ஆபீஸ் கணக்குல ஏத்திட்டு, வேலை மாறினதும் அந்தக் கணக்கு போனா ஆப்பும் கூடவே போச்சு. போன்ல இடம் இல்லாதவங்க கம்ப்யூட்டர் பிரவுசர்ல பிளே ஸ்டோரைத் திறந்து, அதே கணக்குல இன்ஸ்டால் கொடுத்து, பீரோவுல கிடக்குற பழைய ஆண்ட்ராய்டு போனைத் தேர்ந்தெடுத்தா போதும்.

2015ல இருந்து இந்தியாவுல ஒரு ஆப்புக்கு 10 ரூபாய் வரைக்கும் விலையை இறக்கி வைக்கலாம். அதனால முழுசா இலவசம் ஆகாட்டியும் நல்ல சரக்கு அப்பப்ப ஒரு டீக்காசுக்கு வரும். மாட்டுத்தாவணியில மல்லி விலை ஏறி இறங்குறதுக்கு முகூர்த்தம் காரணம்னா, இங்க வெளிநாட்டுக் காலண்டர். தீபாவளியை நம்பி உக்காராதீங்க, நவம்பர் கடைசி வாரமும் கிறிஸ்துமஸ் முதல் புத்தாண்டு வரைக்கும்தான் சீசன். தினமும் தேட முடியாதவங்க ஆப்சேல்ஸ் மாதிரி விலை பார்க்குற ஆப்ல, வேணும்கிறதை வாட்ச்லிஸ்ட்ல போட்டு வைக்கலாம். குறைஞ்சா மணி அடிக்கும்.

ஒண்ணு மட்டும் முன்கூட்டியே சொல்லிருறேன். இப்படி இலவசமா வர்றதுல பெரும்பகுதி ஐகான் பேக் (ஆப் ஐகான்களோட தோற்றத்தை மாத்துறது), வாட்ச் ஃபேஸ் (ஸ்மார்ட் வாட்ச் முகப்பு), வால்பேப்பர். ஐகான் பேக்கைப் போட்டா பல போன்ல ஒண்ணுமே மாறாது, நோவா மாதிரி தனி லாஞ்சர் (போனோட முகப்புத் திரையை நடத்துற ஆப்) இருந்தாத்தான் அது வேலை செய்யும். "ஆப் கெட்டுப்போச்சு"ன்னு ஒத்தை ஸ்டார் போடுறவங்க பாதிப்பேர் இந்தக் கேஸ்தான்.

திருமங்கலம்:
அண்ணே சொன்னது எடுக்குற முறை. எடுக்கலாமா வேண்டாமான்னு முடிவு பண்றது ஸ்டோர்ல அந்த ஆப்போட பக்கத்துல அடியில இருக்கு. "அபவுட் திஸ் ஆப்"க்கு எதிர்ல ஒரு அம்புக்குறி இருக்கும், அதைத் தட்டி விறுவிறுன்னு கடைசிக்கு இறங்குங்க. வெளியிட்ட தேதி, கடைசியா அப்டேட் ஆன தேதி, டவுன்லோடு அளவு, "இன்-ஆப் பர்ச்சேஸ்" (ஆப்புக்குள்ள வாங்குறது) விலை எல்லாம் அங்கதான்.

அந்த விலையைப் படிக்கத் தெரிஞ்சா பாதிக் கிணறு தாண்டியாச்சு. உதாரணத்துக்கு "150 ரூபாய்"னு ஒரே ஒரு விலை போட்டிருந்தா, அது பெரும்பாலும் விளம்பரத்தை நிறுத்துறதுக்கோ முழு ஆட்டத்தைத் திறக்குறதுக்கோ ஒரு தடவை கேக்குற காசு. நேர்மையான வியாபாரம். "10 ரூபாயிலிருந்து 8,900 ரூபாய் வரை"ன்னு இருந்தா, உள்ளே நாணயம், வைரம், பெட்டின்னு மூட்டை மூட்டையா விக்கிறாங்கன்னு அர்த்தம். அந்த ஆட்டம் ஒரு கட்டத்துக்கு மேல வேணும்னே முட்டிக்கிட்டு நிக்கும், காசு போட்டாத்தான் நகரும். 200 ரூபாய் ஆட்டம் இன்னைக்கு இலவசம்னு வந்தாலும் இந்தக் கோடு இருந்தா நான் தொட மாட்டேன்.

ரிவ்யூவுல மேலாப்புல நிக்கிறதைப் படிக்காதீங்க. "மோஸ்ட் ரீசன்ட்"னு மாத்திட்டு ரெண்டு ஸ்டார், மூணு ஸ்டார் மட்டும் பாருங்க. அஞ்சு ஸ்டார்ல "சூப்பர்"னு இருக்கும், ஒரு ஸ்டார்ல கோவம் இருக்கும், நடுவுலதான் விவரம் இருக்கும். "போன அப்டேட்டுக்கு அப்புறம் விளம்பரம் ரெட்டிப்பு"ன்னு மூணு பேர் தொடர்ந்து எழுதியிருந்தா அது நெசம்.

காசு கொடுத்து வாங்கி ஏமாந்தா, பிளே ஸ்டோர்ல 48 மணி நேரத்துக்குள்ள பணம் திரும்பக் கேக்கலாம். பிரவுசர்ல பிளே ஸ்டோர், உங்க படம், பேமென்ட்ஸ் அண்ட் சப்ஸ்கிரிப்ஷன்ஸ், ஆர்டர் ஹிஸ்டரி, ரிப்போர்ட் எ பிராப்ளம். அந்த நேரம் தாண்டினா ஆப் எழுதினவங்களைத்தான் கேக்கணும்.

நாகமலை:
தள்ளுபடியைத் துரத்துறதுக்குப் பதிலா, எப்பவுமே இலவசமா இருக்குறதைப் பிடிங்கன்னுதான் நான் சொல்லுவேன். எஃப்-டிராய்டுன்னு ஒரு ஸ்டோர் இருக்கு, 2010ல இருந்து நடக்குது. நிரலை யார் வேணாலும் பாக்கக்கூடிய திறந்த மூல ஆப் மட்டும்தான் அதுல. ஒரு ஆப்புக்குள்ள உளவு பார்க்குற விஷயமோ விளம்பரமோ இருந்தா "ஆன்ட்டி-ஃபீச்சர்"னு அவங்களே எச்சரிக்கை ஒட்டி வச்சிருப்பாங்க.

போடுற விதம்: அவங்க தளத்துக்குப் போய் ஏபிகே ஃபைலை (ஆப்பை நிறுவுற கோப்பு) இறக்கணும். குரோம்ல இறக்கினா, "இந்த இடத்திலிருந்து நிறுவ அனுமதிக்கவா"ன்னு போன் கேக்கும். அனுமதி கொடுத்து நிறுவிட்டு, உடனே செட்டிங்ஸ்ல "இன்ஸ்டால் அன்னோன் ஆப்ஸ்"னு தேடி குரோமுக்குக் கொடுத்த அனுமதியைத் திரும்ப அணைங்க. இதை மறக்குறதுதான் வினை. எஃப்-டிராய்டுக்கு மட்டும் அனுமதி இருந்தா போதும். முதல் தடவை திறக்கும்போது பட்டியல் காலியாத் தெரியும், பதறாதீங்க. கீழே இழுத்துவிட்டா பட்டியல் இறங்க ஆரம்பிக்கும், கொஞ்ச நேரம் பிடிக்கும்.

ஒரே ஆப்புக்கு ரெண்டு இடத்துல ரெண்டு விலை இருக்குறதும் இங்கதான் தெரியும். ஆஸ்மாண்டுங்குற மேப் ஆப் பிளே ஸ்டோர்ல இலவசம், ஆனா வரைபடம் ஏழு தடவைதான் இறக்க விடும். எஃப்-டிராய்டுல கிடைக்குற "ஆஸ்மாண்ட்~"ல அந்தக் கட்டுப்பாடு கிடையாது. வீட்டு வைஃபையில தமிழ்நாட்டு வரைபடத்தை ஒருக்கா இறக்கி வச்சுட்டா, வத்தலக்குண்டு தாண்டி கொடைக்கானல் மலைப்பாதையில சிக்னல் போனாலும் வழி தெரியும். லிப்ரெரா புத்தக ஆப்பும் அப்படித்தான். பிளே ஸ்டோர்ல விளம்பரத்தோட ஒண்ணு, காசுக்கு ஒண்ணு. எஃப்-டிராய்டுல இருக்குறதுக்கு விளம்பரமும் இல்லை, விலையும் இல்லை.

பழைய பட்டியல்களைப் பாத்து சிம்பிள் மொபைல் டூல்ஸ் வரிசை கேலரி, ஃபைல் மேனேஜர் எல்லாம் தேடிப் போகாதீங்க. 2023 கடைசியில அது கைமாறிருச்சு. அதோட மூல நிரலை எடுத்து ஃபாஸிஃபைங்குற பேர்ல வேற ஆளுங்க தொடர்ந்து நடத்துறாங்க, அதைப் போடுங்க. கீபோர்டுக்கு ஹெலிபோர்டு. தமிழ் விசை உண்டு, இணைய அனுமதியே கேக்காது. நாம அடிக்கிற ஒவ்வொரு எழுத்தும் கடந்து போற ஆப்புக்கு அதுதான் முக்கியம்.

புதூர் டீச்சர்:
லிப்ரெரா பேச்சு வந்ததால இது. மதுரைத் திட்டம் 1998 பொங்கல்ல இருந்து சங்க இலக்கியம் தொட்டு நூல்களை இலவசமா மின்வடிவுல தந்துட்டு வருது. மாணவர்கள் இறக்கிட்டு "டீச்சர், எல்லாம் கட்டம் கட்டமாத் தெரியுது"ம்பாங்க. பழைய கோப்புகள் சிலது டிஸ்கிங்குற பழைய தமிழ் எழுத்துக் குறியேற்றத்துல இருக்கும், இப்போதைய போனுக்கு அது புரியாது. யூனிகோட்னு போட்டிருக்குறதை இறக்குங்க. பிடிஎஃப்ஐ விட ஈபப்ங்குற மின்னூல் வடிவம் நல்லது. எழுத்தைப் பெருசு பண்ணும்போது வரி தானா மடங்கி வரும்.

பிள்ளைகள் கையில போன் கொடுக்குறதுக்கு முன்னாடி, பிளே ஸ்டோர் செட்டிங்ஸ்ல "பர்ச்சேஸ் வெரிஃபிகேஷன்" போய் ஒவ்வொரு வாங்கலுக்கும் கேக்குற மாதிரி வச்சிருங்க. அரை மணிக்கு ஒருக்கா கேக்குற ஏற்பாடும் சில போன்ல இருக்கும், அது வேண்டாம். அப்பா ஒரு தடவை கைரேகை வச்சா அடுத்த அரை மணி பிள்ளைக்குத் திறந்த வீடு.

விளையாட்டுல எனக்கு முதல் பரிந்துரை சைமன் டேதம் புதிர்த் தொகுப்பு. சுமார் 40 வகைப் புதிர், விளம்பரம் இல்லை, இணையம் வேண்டாம், பழைய போன்லயும் ஓடும். பார்க்க வறண்டு கிடக்கும், அதுக்காக ஒதுக்கிராதீங்க. செஸ்ஸுக்கு லிச்செஸ், அதுல காசு கொடுத்தாத்தான் திறக்கும்னு எந்த வசதியும் கிடையாது. பெரிய பசங்களுக்கு அன்சிவ், மைண்டஸ்ட்ரி, ஷேட்டர்டு பிக்சல் டஞ்சன். கடைசியா சொன்னதை ஐபோன்ல காசு கொடுத்துத்தான் வாங்கணும், ஆண்ட்ராய்டுல இலவசம்.

மேலூர்:
"7 நாள் ஃப்ரீ" பத்தி யாரும் சொல்லலியே. ஆப்பை அழிச்சா சந்தா நிக்காது. இதை எத்தனை தடவை சொன்னாலும் பத்தாது. பிளே ஸ்டோர், உங்க படம், பேமென்ட்ஸ் அண்ட் சப்ஸ்கிரிப்ஷன்ஸ், சப்ஸ்கிரிப்ஷன்ஸ், அதுல கேன்சல். ட்ரையல் தொடங்கின அன்னைக்கே கேன்சல் பண்ணினாலும் பிளே ஸ்டோர்ல பெரும்பாலும் மிச்ச நாள் ஓடும். ஐபோன்ல முடியுறதுக்கு 24 மணி நேரம் முன்னாடியே பண்ணிரணும்.

அடுத்து யூபிஐ ஆப்ல "ஆட்டோபே" பக்கத்தைத் திறந்து எந்தெந்த மேண்டேட் (தானா காசு பிடிக்க நாம கொடுத்த அனுமதி) உயிரோட இருக்குன்னு பாருங்க. ரிசர்வ் வங்கி விதிப்படி காசு பிடிக்கிறதுக்கு 24 மணி நேரம் முன்னாடி அறிவிப்பு வரணும், வரவும் செய்யுது. ஆனா அது கடன் வேணுமா, லோன் வேணுமாங்குற எஸ்எம்எஸ் குப்பைக்கு நடுவுல கிடக்கும். அதனால மாசம் ஒருக்கா மேண்டேட் பக்கத்தை நேராப் பாக்குறதே நல்லது. முதல்ல ஸ்டோர்ல சந்தாவை நிறுத்துங்க, அப்புறம் மேண்டேட்டை ரத்து பண்ணுங்க.

டவுன்ஹால் ரோடு சர்வீஸ்:
கடை மேசைக்கு வர்ற போன்ல பாக்குறது இது. காசு கொடுத்து வாங்க வேண்டிய ஆப்பை "மோட்" (வேற ஆள் மாத்தினது), "பிரீமியம் அன்லாக்டு"ன்னு டெலிகிராம்ல இருந்து இறக்கிப் போட்டிருப்பாங்க. பேட்டரி மதியத்துக்குள்ள காலி, லாக் திறந்ததும் முழுத்திரை விளம்பரம், அந்த ஆப்போட ஐகானையே காணோம். சிலது இன்னும் மோசம், ஆக்ஸஸிபிலிட்டி அனுமதி வாங்கியிருக்கும். அது கிடைச்சா திரையில இருக்குறதைப் படிக்கும், நமக்குப் பதிலா அதுவே பொத்தானைத் தட்டும். ஓடிபி தானா போறது இப்படித்தான். வாட்ஸ்அப்ல "டிராஃபிக் சலான்", "கல்யாணப் பத்திரிகை"ன்னு வர்ற ஏபிகேயும் இதே கூட்டம்.

கழட்டுற வரிசை: முதல்ல டேட்டா, வைஃபை ரெண்டையும் அணைங்க. பவர் மெனுவுல "பவர் ஆஃப்" மேல அழுத்திப் பிடிச்சா பல போன்ல சேஃப் மோடு கேக்கும். அதுல போனா வெளியில இருந்து போட்ட ஆப் எதுவும் ஓடாது. செட்டிங்ஸ்ல ஆக்ஸஸிபிலிட்டியில தெரியாத பேரை அணைங்க, "டிவைஸ் அட்மின் ஆப்ஸ்"ல டிக்கை எடுங்க, அதுக்கப்புறம் அன்இன்ஸ்டால். நேரா அன்இன்ஸ்டால் பண்ணப் போனா "முடியாது"ன்னு நிக்குறதுக்கு அந்த அட்மின் டிக்தான் காரணம். திரும்ப நெட் போட்டதும் பிளே புரொடெக்ட்ல (பிளே ஸ்டோரோட பாதுகாப்புச் சோதனை) ஸ்கேன். காசு போயிருந்தா இதெல்லாம் அப்புறம், முதல்ல வேற போன்ல இருந்து சைபர் குற்ற உதவி எண் 1930க்கு அடிங்க.

கே.கே. நகர்:
நிறைய விளையாடுறவங்களுக்குத் தள்ளுபடியை விட சந்தா சில நேரம் லாபம். கூகுளோட ஆப், ஆட்டச் சந்தாவான பிளே பாஸ் 2022ல இந்தியாவுக்கு வந்தப்ப மாசம் 99, வருஷம் 889 ரூபாய். இப்போதைய விலையை ஸ்டோர்ல பாத்துக்கங்க. அதுல இருக்குற ஆட்டத்துக்குப் பெரும்பாலும் விளம்பரமும் கிடையாது, உள்ளே வாங்குறதும் கிடையாது. குடும்பத்துல இன்னும் அஞ்சு பேர் வரைக்கும் பகிரலாம். சந்தா நின்னா ஆட்டமும் நிக்கும், அவ்வளவுதான். நெட்ஃபிளிக்ஸ் ஏற்கெனவே வச்சிருக்கிறவங்க 2021 கடைசியில இருந்து அதுல விளையாட்டும் சேர்த்தி, தனிக்காசு இல்லை. தெரியாமலே நிறையப் பேர் விட்டு வச்சிருக்காங்க. எபிக்ங்குற விளையாட்டு ஸ்டோர் 2025 ஜனவரியில மொபைல்லயும் இலவச ஆட்டம் கொடுக்க ஆரம்பிச்சது, அதை அவங்க தளத்துல இருந்து மட்டும் நிறுவணும். அமேசான் ஆப் ஸ்டோரை இன்னமும் பரிந்துரைக்கிற பழைய கட்டுரைகளை நம்பாதீங்க. ஆண்ட்ராய்டு போனுக்கு அது 2025 ஆகஸ்ட் 20ஓட முடிஞ்சிருச்சு.

ஆனையூர்:
நாகமலை அண்ணே, பிளே ஸ்டோர்ல போட்ட ஆப்பையே எஃப்-டிராய்டுல அப்டேட் கொடுத்தா "ஆப் நாட் இன்ஸ்டால்டு"ன்னு வருது. போன்ல இடம் நிறையவே இருக்கு. ஏன்?

நாகமலை:
இடம் பிரச்சினை இல்லை தம்பி. ரெண்டு இடத்து ஆப்பும் பெரும்பாலும் வேற வேற கையெழுத்துச் சாவி (ஆப்பை யார் வெளியிட்டதுன்னு காட்டுற டிஜிட்டல் முத்திரை) போட்டு வந்தது. பேர் ஒண்ணா இருந்தாலும் சாவி மாறினா ஒண்ணு மேல ஒண்ணை ஏத்த ஆண்ட்ராய்டு விடாது. விட்டா யார் வேணாலும் போலி அப்டேட் அனுப்பிரலாமே. பழசை அழிச்சுட்டுத்தான் புதுசு போடணும். அழிச்சா உள்ள இருக்குற டேட்டாவும் போயிரும். அதனால முதல்ல ஆப்போட செட்டிங்ஸ்ல எக்ஸ்போர்ட் அல்லது பேக்கப் கொடுத்து ஃபைலை டவுன்லோட்ஸ் ஃபோல்டர்ல வைங்க, அழிங்க, எஃப்-டிராய்டுல போடுங்க, இம்போர்ட் பண்ணுங்க. எக்ஸ்போர்ட் வசதியே இல்லாத ஆப்னா, ஆட்டம் எந்தக் கட்டத்துல நிக்குதுன்னு பாத்துட்டு முடிவு பண்ணுங்க.

செல்லூர்:
இன்னொண்ணு. 40 ரூபாய் ஆட்டம் 10 ரூபாய்க்கு வந்திருக்கு, புதுப் போன்ல "உங்க டிவைஸுக்குப் பொருந்தாது"ங்குது. அப்பாவோட பழைய போன்ல வருது. பழசுல வர்றது புதுசுல ஏன் வரலை?

திருமங்கலம்:
ஆப்புல பழைய 32 பிட், புது 64 பிட்னு ரெண்டு வகை. புதுசா வர்ற சில போன்கள் 64 பிட் ஆப்பை மட்டும்தான் ஓட்டும். பல வருஷமா கை வைக்காத ஆட்டம் 32 பிட்டோட நின்னு போயிருக்கும். அதோட, பழைய ஆண்ட்ராய்டை மனசுல வச்சு எழுதின ஆப்பைப் புது ஆண்ட்ராய்டுக்குக் காட்டாம மறைக்கிறதும் கூகுளோட விதி. அதுக்குத்தான் மேல கடைசி அப்டேட் தேதியைப் பாக்கச் சொன்னேன். அதுல 2018, 2019னு இருந்தா அந்த 10 ரூபாய் அப்பா போனுக்கு மட்டும்தான்.