மிசிசிப்பி டோபோட் வேலை, பையனை அனுப்பலாமா?

மெம்ஃபிஸ் அம்மா:
வணக்கம். பையன் இங்கயே பிறந்தவன், 19 வயசு. காலேஜ் வேணாம், டோபோட்ல (ஆத்துல சரக்கு மிதவைகள தள்ளிட்டு போற படகு) டெக்ஹேண்டா, அதாவது மேல்தள வேலையாளா சேர்ந்து கேப்டன் ஆகப்போறேன்னு ஒத்தக்கால்ல நிக்கிறான். ஊர்ல சொந்தக்காரங்க படகு ஓட்டவா அமெரிக்கா போனீங்கன்னு கேக்குறாங்க. உள்ள இருந்து பாத்தவங்க யாராவது சொல்லுங்க ப்ளீஸ்.

தானியக்காரன்:
அக்கா, நான் செயின்ட் லூயிஸ் பக்கம் டெர்மினல்ல பார்ஜ் (இன்ஜின் இல்லாத சரக்கு மிதவை) லோடிங் பாக்குறேன், தினமும் இந்த கேப்டன்களோட ரேடியோல பேசுறவன். சொந்தக்காரங்க பேச்ச விடுங்க. ஒரு பார்ஜ் 195 அடி நீளம், 35 அடி அகலம், 1500 டன் சோளம் ஏறும். மேல் ஆத்துல அந்த மாதிரி 15, செயின்ட் லூயிஸ தாண்டி கீழ போனா லாக்கே (படகை ஏத்தி இறக்குற, கதவு வச்ச தண்ணி அறை) இல்லங்கறதால 30, 40 கூட ஒண்ணா கட்டி பின்னாடி இருந்து தள்ளிட்டு போறாங்க, பிரேக் கிடையாது, கொண்டை ஊசி மாதிரி வளைவுல இறங்கும்போது இன்ஜினை ரிவர்ஸ்ல போட்டு பின்பக்கத்த வளைவோட கரை முனைக்கு ஒட்டினாப்புல பிடிச்சு வச்சுக்கிட்டு தலைய ஆத்து ஓட்டமே திருப்பட்டும்னு விடுவாங்க. பாக்கும்போது நமக்கு வயித்த கலக்கும். 2022 அக்டோபர்ல உங்க மெம்ஃபிஸ் கேஜே (ஆத்து மட்டம் காட்டுற அளவுகோல்) மைனஸ் 10.8 அடிக்கு, அதாவது பூஜ்யக் குறிக்கும் கீழ போச்சு, லோடையும் குறைச்சு பார்ஜையும் குறைச்சு மணல்ல தட்டாம கொண்டு போனாங்களே, அதுக்கெல்லாம் எவ்ளோ அனுபவம் வேணும்!

டெக்ல இருந்து:
நான் டெக்ஹேண்டா சேர்ந்து இப்ப ஸ்டியர்ஸ்மேன், அதாவது படகு ஓட்ட பயிற்சி எடுக்குறவன். கஷ்டம் தூக்கத்துலதான்மா. கேப்டன் காலைல 6-12, சாயங்காலம் 6-12, மீதி நேரம் பைலட், அதாவது படகு ஓட்டுற இன்னொருத்தர். பெரும்பாலும் 28 நாள் ஒரே மூச்சா, தூக்கம் எப்பவும் துண்டு துண்டாத்தான். தீபாவளி, பொங்கல், அவன் பர்த்டே எதுவும் கையில இல்ல. பழைய 600 அடி லாக்ல 15 பார்ஜும் ஒண்ணா நுழையாது, முதல்ல 9, அப்புறம் டோபோட்டையும் சேத்து 6. லாக் அகலம் 110 அடி, நம்ம டோ (ஒண்ணா கட்டின பார்ஜுகள்) 105. முன்நுனில நிக்கிற பையன் ரேடியோல தூரம் சொல்லிட்டே வருவான், கேப்டனுக்கு அங்க கண்ணு அவன்தான், உங்க பையன் கத்துக்கப்போறது அதுதான். ஜனவரில ஐஸ் மேல நின்னு ராட்செட்ட (இறுக்குற கருவி) முறுக்கி பார்ஜுகள கட்டுற ஒயர இறுக்கணும், கால் வழுக்கினா பார்ஜுக்கு நடுவுல. ஒர்க் வெஸ்ட் (தண்ணில மிதக்க வைக்கிற சட்டை) போடாம டெக்ல காலே வைக்கக்கூடாதுன்னு இப்பவே சொல்லி வைங்க. ஆனா எனக்கு இத விட்டு வேற வேலைக்கு போக மனசில்ல.

தூத்துக்குடி மாலுமி:
அண்ணா, நான் கப்பல்ல தேர்டு மேட், இந்திய சர்டிபிகேட். அங்க டிரை பண்ணலாமா?

டெக்ல இருந்து:
முடியாது தம்பி. அமெரிக்க கொடி போட்ல கேப்டனோ வாட்ச் (ஷிப்ட் பொறுப்பு) பாக்குற ஆபீசரோ அமெரிக்க குடிமகனா இருக்கணும். அக்கா பையன் அங்கயே பிறந்தவன், அதனால அவனுக்கு அந்த பிரச்சனை இல்ல. முதல்ல டிவிக் கார்டுக்கு (துறைமுகம், கப்பல் வேலைக்கான பாதுகாப்பு அடையாள அட்டை) அப்ளை பண்ண சொல்லுங்கம்மா, ஸ்டியர்ஸ்மேன் டிரெய்னிங் குடுக்குற கம்பெனியானு கேட்டுட்டு சேரட்டும். ஒரு குளிர்காலம் டெக்ல முழுசா இருந்து பாத்துட்டு அவனே முடிவு பண்ணட்டும்.