நின்று நின்று சுற்றும் தட்டு மெஷின்: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

கீழக்கரைக்காரன்
நம்ம பக்கம் கப் தண்ணீர் போடும் சின்ன யூனிட்டுகளில் வட்டத் தட்டு மெஷின் பார்த்திருப்பீர்கள். எட்டுக் குழி. கப் விழும், தட்டு 45 டிகிரி நகர்ந்து நிற்கும், தண்ணீர் இறங்கும், மறுபடி நகரும், ஃபாயில் உட்காரும், சூடு அமுக்கும். நகர்த்தி நிறுத்துவது அடியில் இருக்கும் ஜெனீவா சக்கரம்; அதன் விளிம்பில் காடிகள் (பள்ளங்கள்) வெட்டியிருக்கும், சுற்றிக்கொண்டே இருக்கும் குச்சி போன்ற ஒரு பின் சுற்றுக்கு ஒரு காடிக்குள் நுழைந்து சக்கரத்தைத் தள்ளிவிட்டு வெளியேறும்.

மண்டபம் போகிற வழியில் ஒரு யூனிட்டில் கப் ஒழுகுகிறது என்று கூப்பிட்டார்கள். நான் போவதற்குள் ஹீட்டரை மாற்றி, சூட்டை ஏற்றி, ஃபாயில் கொடுத்தவரோடு சண்டையும் போட்டு முடித்திருந்தார்கள். ஒழுகிய கப்புகளை வாங்கிப் பார்த்தால், எல்லாவற்றிலும் விளிம்பின் ஒரே பக்கம்தான் ஃபாயில் பிடிக்கவில்லை. வெறும் சூடு குறைவு என்றால் சுற்றிலும்தானே விட வேண்டும்? அப்புறம் ஹீட்டரை விட்டுவிட்டுத் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றேன். தட்டு வெடுக்கென்று கிளம்பும்போது தண்ணீர் பின்பக்கம் ஏறி, விளிம்பை நனைத்துவிட்டு இறங்கியது. ஈர விளிம்பில் ஃபாயில் எங்கே ஒட்டும்?

சீசன் என்று ஓனர் ஸ்பீடை ஏற்றியிருக்கிறார். எட்டுக் காடி ஜெனீவாவில், ஓட்டும் பின் ஒரு சுற்று வரும்போது 135 டிகிரியில் தட்டு நகரும், மீதி 225 டிகிரியில் நிற்கும். அந்தப் பங்கு மாறாது. அந்தப் பின் நிமிடத்துக்கு 20 சுற்று போனால் தட்டு நிற்பது 1.9 வினாடிக்குக் கொஞ்சம் குறைவு. 30 ஆக்கினால் 1.25தான்; நிரப்பவும் சீல் பிடிக்கவும் அவ்வளவுதான் நேரம். உதறலோ வேகத்தின் வர்க்கத்தில் ஏறும், அதாவது 2.25 மடங்கு. “தண்ணியைக் குறைச்சு ஊத்தினா என்ன?” என்றார் ஓனர். கப்பில் 200 மில்லி என்று அச்சடித்திருக்கிறதே! ஸ்பீடை இறக்கியதும் ஒழுகல் நின்றது. அவர் முகம்தான் தெளியவில்லை.

தொண்டித் தம்பி
காக்கா, நான் ஓசூரில் அசெம்பிளி லைனில் இருக்கிறேன். எங்களுடையது கேம் இண்டெக்சர். கேமில் வெட்டியிருக்கும் வளைவு வழியாகத் தட்டு மெல்லக் கிளம்பி மெல்ல நிற்கும், இந்த உதறல் வராது. எங்கள் தலைவலி, தட்டு பாதி வழியில் போகும்போது எமர்ஜென்சி ஸ்டாப் அடிப்பது. ஓடி வந்த கனம் மொத்தமும், கேம் வளைவில் ஓடும் ஓரிரு ரோலர் மேல் மோதும். அதோடு, தட்டில் பாகத்தைப் பிடித்து வைக்கும் ஃபிக்ஸ்சரை 200 மி.மீ. ஆரத்திலிருந்து 400க்குத் தள்ளி வைத்தால் எடை அதேதான், நிலைமம் மட்டும் நாலு மடங்கு. டிசைன் போடுகிறவர்கள் இதைச் சுலபமாக மறந்துவிடுகிறார்கள்.

ஏர்வாடி ஃபிட்டர்
தேய்மானம் பார்க்க ஒரு வழி. கரண்டை அணைத்துவிட்டு, தட்டு நிற்கும் நிலையில் விளிம்பைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். 0.1 டிகிரி ஆட்டம் என்றாலே 300 மி.மீ. ஆரத்தில் அரை மில்லிமீட்டர் தெரியும். எட்டு நிலையிலும் ஒரே அளவு ஆடினால் முதலில் ஓட்டும் பக்கத்தைப் பாருங்கள். ஒரே நிலையில் மட்டும் ஆடினால், சக்கரத்தில் அந்த நிலையில் ஆடாமல் பிடித்து வைக்கும் பூட்டு வளைவு தேய்ந்திருக்கும். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் உப்புக்காற்று பட்டுத் துரு பிடித்து, அந்தத் தூள் கிரீஸோடு சேர்ந்து அரைக்கிறது. பழைய கிரீஸைத் துடைக்காமல் மேலேயே புதுசு அப்புகிறார்கள், அதைச் சொன்னால் கோபம் வேறு.

கீழக்கரைக்காரன்
சரியாகச் சொன்னீர்கள். நான் பார்த்த யூனிட்டில் ஷிஃப்ட் முடிந்ததும் ஹோஸைத் தட்டுக்கு அடியிலேயே பிடிக்கிறார்கள். அங்கே ஒரு மூடித் தகடு போடச் சொல்லியிருக்கிறேன். ஸ்டெயின்லெஸ்தான் வேண்டும் என்றேன். ஓனர் இன்னும் விலை விசாரிக்கிறார்.