நார்த் என்ற குடும்பப்பெயர்: வடக்கிலிருந்து வந்தவரா, ஊருக்கு வடக்கே இருந்தவரா?

வேர்ச்சொல்:
ஆங்கிலேயரின் நார்த், வெஸ்ட் போன்ற பெயர்களுக்கு ஒரே விளக்கம்தான்: அந்தத் திசையிலிருந்து குடிவந்தவர்கள். 1770 முதல் 1782 வரை பிரிட்டிஷ் பிரதமராக இருந்த நார்த் பிரபுவின் முன்னோரும் வடக்கத்தியர்களாகத்தான் இருந்திருப்பார்கள். புதிதாக வந்தவரைத்தானே ஊரார் திசை சொல்லிக் கூப்பிடுவார்கள்?

பதிவேடு:
ஒரே ஊரில் இரண்டு ஜான்கள் இருந்தால் என்ன செய்வார்கள்? வடகோடியில் வீடு உள்ளவர் வடக்கு ஜான். இடைக்கால ஆவணங்களில் ‘பை நார்த்’, ‘பை சவுத்’ என்று வரும். வடக்கே, தெற்கே குடியிருப்பவர் என்று பொருள். நாளடைவில் ‘பை’ உதிர்ந்தது. உதிராமல் தப்பிய பைசவுத் என்ற பெயர் இன்றும் உண்டு. நார்த் பிரபுவின் பூர்வீகத்தைப் பெயரை மட்டும் வைத்துச் சொல்வது ஜோசியம்.

வேர்ச்சொல்:
அப்படியானால் நாரிஸ்? பழைய பிரெஞ்சில் ‘நொரைஸ்’ என்றாலே வடக்கத்தியான்.

பதிவேடு:
நாரிஸ் உங்கள் கட்சிதான், மறுக்கவில்லை. ஆனால் அது ஆளைக் குறிக்கும் சொல். ‘லெ நொரைஸ்’ என்றே எழுதுவார்கள்; ‘லெ’ என்பது ஆங்கிலத்தின் ‘தி’ போன்ற பிரெஞ்சுச் சொல். நார்த் வெறும் திசைச்சொல். அதற்கு இதைச் சாட்சியாக்க முடியாது. தவிர, செவிலியைக் குறிக்கும் இன்னொரு பழைய பிரெஞ்சுச் சொல்லும் நாரிஸ் என்றே திரிந்தது. சில நாரிஸ் குடும்பங்களுக்குத் திசையோடு சம்பந்தமே இல்லை.

திசைமானி:
யார் நின்று பார்த்த திசை என்பதை இருவருமே விட்டுவிட்டீர்கள். சதர்லாந்து இருப்பது ஸ்காட்லாந்துப் பெருநிலத்தின் வடக்கில், பெயரோ ‘தென்னாடு’! ஆர்க்னித் தீவுகளிலிருந்தும் கெய்த்னஸிலிருந்தும் பார்த்த நார்ஸ் (பழைய ஸ்காண்டிநேவிய) மக்களுக்கு அது தெற்கு. சதர்லாந்து என்ற குடும்பப்பெயரைத் ‘தெற்கத்தியார்’ என்று விளக்கினால் முழுத்தப்பு.

வேர்ச்சொல்:
அது நிலப்பெயர் வழி வந்தது, வேறு கணக்கு. ஒரு குறிப்பிட்ட நார்த் குடும்பம் எந்த வகை என்று எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்?

பதிவேடு:
இன்றிலிருந்து பின்னோக்கி, ஒரு தலைமுறையும் தாவாமல். இங்கிலாந்தில் 1837 வரை பின்னோக்கிப் போக அரசின் பிறப்பு, திருமண, இறப்புப் பதிவு. அதற்கு முன் 1538-இல் தொடங்கிய தேவாலயப் பங்குப் பதிவேடுகள். பல ஊர்களில் முதல் ஏடுகள் தொலைந்துவிட்டன. அதற்கும் முன் 1377, 1379, 1381 தலைவரிப் (ஆளுக்கு இவ்வளவு என்று விதித்த வரி) பட்டியல்கள். ‘பை’ இருக்கிறதா, ‘லெ’ இருக்கிறதா என்று அங்கேதான் தேட வேண்டும்.

பலர் சறுக்குவது தேதியில். 1752-க்கு முன் அங்கே சட்டப்படி ஆண்டு பிறந்தது மார்ச் 25-இல். ஏட்டில் ‘1700 பிப்ரவரி’ என்றிருந்தால் நம் கணக்கில் 1701. கவனிக்காவிட்டால் 1700 மே மாதம் திருமணமானவர்களுக்கு அதே ஆண்டு பிப்ரவரியிலேயே பிள்ளை பிறந்துவிடும்!

வேர்ச்சொல்:
தலைவரிப் பட்டியலிலும் ‘பை’, ‘லெ’ எதுவுமில்லாமல் வெறும் நார்த் என்றே இருந்தால்?

பதிவேடு:
அப்போது உங்கள் விளக்கத்துக்கும் ஆதாரமில்லை, என் விளக்கத்துக்கும் இல்லை.