பெருநிறுவன சேவையிலிருந்து வெளியேற: சர்வர் எங்கே இருக்கிறது என்பதா, சாவி யார் கையில் என்பதா?

நூலிழை:
எங்களுடையது 12 பேர் கொண்ட அமைப்பு. மின்னஞ்சல், கோப்புகள், படங்கள் எல்லாமே கூகுள் கணக்குகளில், சுமார் 400 ஜிபி. "தரவை உள்நாட்டு டேட்டா சென்டரில் வைக்கும் வசதியை வாங்கினால் போதும், அதுவே தன்னுரிமை (நம் தரவு நம் கட்டுப்பாட்டில் இருப்பது)" என்கிறது ஒரு தரப்பு. சொந்த சர்வர்தான் வழி என்கிறது மறுதரப்பு. எது சரி, எதிலிருந்து தொடங்குவது?

கரையோரம்:
வட்டு எந்த நாட்டில் இருக்கிறது என்பது பாதிக் கேள்விதான். அமெரிக்காவின் 2018 கிளவுட் சட்டப்படி, அந்நாட்டு நிறுவனத்தின் பிடியில் உள்ள தரவை, அது எங்கே சேமிக்கப்பட்டிருந்தாலும், முறையான ஆணை வந்தால் ஒப்படைக்க வேண்டும். அதனால் நான் இரண்டு கேள்விகள்தான் கேட்பேன். குறியாக்கச் சாவி (பூட்டிய தரவைத் திறக்கும் இரகசியக் குறியீடு) யாரிடம் இருக்கிறது? இன்றிரவு கணக்கு முடங்கினால் நாளைக் காலை வேலை நடக்குமா? இரண்டாவதற்கு "நடக்காது" என்றால், டேட்டா சென்டரை மாற்றி ஒரு பயனும் இல்லை.

அஞ்சல்பெட்டி:
முதலில் சொந்த டொமைன் (மின்னஞ்சல் முகவரியில் @ குறிக்குப் பின் வரும் பெயர்). முகவரி உங்களுடையதாக இருந்தால்தான் சேவையாளரை மாற்ற முடியும். ஒரு எச்சரிக்கை: டொமைன் பதிவாளரிடம் (டொமைனை விற்றுப் பதிவு செய்யும் நிறுவனத்திடம்) உள்ள கணக்கின் மீட்பு மின்னஞ்சலை அதே டொமைனில் வைக்காதீர்கள். டொமைன் காலாவதியானால் மீட்புக் கடிதமும் வராது.

மின்னஞ்சல் சர்வரை நீங்களே நடத்த வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. பல இணைய இணைப்புகளில் போர்ட் 25 (சர்வர்கள் ஒன்றுக்கொன்று கடிதம் அனுப்பும் வழி) அடைபட்டிருக்கும். திறந்திருந்தாலும், ஐபி முகவரிக்கு நற்பெயர் இல்லையென்றால் கடிதங்கள் ஸ்பேமில் விழும். ஐமேப் (கடிதங்களை சர்வரிலேயே வைத்து எந்தச் செயலியிலும் படிக்க உதவும் முறை) தரும் சிறிய கட்டணச் சேவை போதும்.

மாற்றும் முறை: இரண்டு நாள் முன்பே எம்எக்ஸ் பதிவின் (டொமைனுக்கு வரும் கடிதம் எந்த சர்வருக்குப் போக வேண்டும் எனக் காட்டும் குறிப்பு) டிடிஎல்லை (அந்தக் குறிப்பைப் பிற சர்வர்கள் நினைவில் வைத்திருக்கும் நேரம்) 300 நொடிக்குக் குறையுங்கள். ஐமேப்சிங்க் என்ற நகலெடுக்கும் கருவியைக் கொண்டு பழைய கடிதங்களைப் பிரதியெடுத்துவிட்டு எம்எக்ஸை மாற்றுங்கள். பிறகு மறுபடி ஒருமுறை ஓட்டினால் இடையில் வந்தவையும் சேரும். பலர் சறுக்குவது ஜிமெயிலின் "ஆல் மெயில்" கோப்புறையில். அதை இழுத்தால் எல்லாம் இரட்டிக்கும், தவிர்த்தால் ஆர்க்கைவ் செய்தவை விடுபடும். அதைக் கடைசியாக இழுத்து, ஏற்கெனவே வந்தவற்றைத் தவிர்க்கும்படி ஐமேப்சிங்க்குக்குச் சொல்ல வேண்டும்.

எஸ்பிஎஃப் பதிவு (டொமைன் பெயரில் எந்த சர்வர்கள் கடிதம் அனுப்பலாம் எனச் சொல்லும் குறிப்பு) ஒன்றே ஒன்றுதான் இருக்கலாம். பழையதை விட்டுவிட்டுப் புதியதைச் சேர்த்தால் இரண்டுமே செல்லாது.

திறமூலம்:
கோப்புகளுக்கு நெக்ஸ்ட்கிளவுட் (சொந்த சர்வரில் நிறுவி, கோப்புகளைச் சேமித்துப் பகிரும் திறமூல மென்பொருள்). 4 ஜிபி ரேம், போஸ்ட்கிரெஸ் (தரவுத்தளம்), ரெடிஸ் (வேகம் கூட்டும் தற்காலிக நினைவகம்) இருந்தால் 12 பேருக்குத் தாராளம். மேம்படுத்தும்போது பெரிய பதிப்புகளைத் தாண்டிக் குதிக்க முடியாது, ஒவ்வொன்றாக ஏற வேண்டும். ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போட்டால் அதுவே பெரும் வேலையாகிவிடும்.

கூகுள் டேக்அவுட்டில் (கூகுளிலிருந்து உங்கள் தரவைப் பதிவிறக்கும் வசதி) எடுக்கும்போது, படங்களின் தேதி, இட விவரங்கள் தனி ஜேசன் (விவரங்களை எழுத்தாக வைக்கும் வடிவம்) கோப்புகளில் வரும். அவற்றையும் சேர்த்துப் படிக்கத் தெரிந்த கருவியால் ஏற்றாவிட்டால் சில படங்கள் இன்றைய தேதியில் போய் நிற்கும். பிறர் உரிமையில் இருந்து உங்களோடு பகிரப்பட்ட ஆவணங்கள் பொதுவாக வராது. உரிமையை முன்பே மாற்றிக்கொள்ளுங்கள்.

பேக்கப் என்றால் கோப்புகள் மட்டும் அல்ல. நெக்ஸ்ட்கிளவுடைப் பராமரிப்பு நிலைக்கு மாற்றி, தரவுத்தளம், டேட்டா கோப்புறை, கான்ஃபிக் கோப்பு மூன்றையும் ஒரே நேரத்தில் எடுக்க வேண்டும்.

கரையோரம்:
மேலே சொன்னதில் ஓர் ஓட்டை. எல்லாக் கடவுச்சொல்லும் ஒரே நிர்வாகியிடம் இருந்தால், நிறுவனத்தின் பிடியிலிருந்து ஒரு தனிமனிதரின் பிடிக்கு மாறியிருக்கிறீர்கள், அவ்வளவுதான். ரெஸ்டிக் (குறியாக்கம் செய்து பேக்கப் எடுக்கும் கருவி) பேக்கப்பின் கடவுச்சொல் தொலைந்தால் எவராலும் திறக்க முடியாது. குறைந்தது இருவரிடம், காகிதத்திலும், இருக்கட்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை இரண்டாமவர் தனியாக, வெற்று சர்வரில் மீட்டெடுத்துப் பார்க்கட்டும்.

நூலிழை:
டொமைனிலிருந்து தொடங்குகிறோம். கைபேசி அறிவிப்புகள்? அவையும் நம் சர்வர் வழியே வருமா?

திறமூலம்:
ஆண்ட்ராய்டில் யூனிஃபைடுபுஷ் (கூகுள் சர்வர் இல்லாமலே அறிவிப்பு அனுப்பும் முறை) ஆதரிக்கும் செயலிகளுக்கு வரும். ஐபோனில் வழியில்லை, ஆப்பிளின் சர்வர் வழியாகத்தான் போக வேண்டும். அங்கே அறிவிப்பில் செய்தியின் உள்ளடக்கம் காட்டாதபடி அமைத்துக்கொள்ளுங்கள்.