மஞ்சள் ஒடியும் சத்தம்

மேட்டாங்காடு, ஈரோடு:
ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் விரலி மஞ்சள் ஏலம் நடந்துகொண்டிருந்தபோது, பார்வையற்ற இளைஞர் ஒருவர் கைப்பேசியில் மைக்கைப் பொருத்திக்கொண்டு மூட்டைகளுக்கு நடுவே நின்றார். தம் யூடியூப் செய்திக்காக விலை நிலவரம் சேகரிக்க வந்தவர் என்று தெரிந்ததும், உதவுவதாக நினைத்து ஒவ்வொரு குவியலும் எப்படி இருக்கிறதென்று நான் வர்ணிக்கத் தொடங்கிவிட்டேன். "சித்த சும்மா இருங்கண்ணா, மஞ்சளை ஒடிக்கறாங்க" என்றார். வியாபாரி ஒருவர் ஒடித்த விரலி 'டக்' என்றது. அடுத்த குவியலில் எடுத்தது சத்தமே இல்லாமல் வளைந்து பிய்ந்தது. "இது இன்னும் காயலைங்க, விலை குறையும்" என்று அவர் மைக்கில் சொன்னார். மூன்று தலைமுறையாக மஞ்சள் வெள்ளாமை செய்யும் எனக்கு அந்தச் சத்தம் புதிதல்ல, ஆனால் அதையே ஒருவர் செய்தியாக்கி நான் கேட்டதில்லை. வெளியான பதிவில் என் வர்ணனை முழுவதையும் வெட்டியிருந்தார். கண் தெரியாதவர்களுக்குத்தான் காது எவ்வளவு கூர்மை!

பொள்ளாச்சி வாசகி:
அண்ணா, உங்கள் கடைசி வரியில் எனக்கு உடன்பாடில்லை. நானும் பார்வையற்றவள்தான், மஞ்சள் ஒடிவதும் சுள்ளி ஒடிவதும் எனக்கு ஒன்றாகத்தான் கேட்கும். அந்தத் தம்பி பல ஏலங்களுக்குப் போய்ப் பழகியிருக்கிறார், அதைத் தொழில் என்று சொல்லுங்கள். ஊர்ச் செய்திகளை வாட்ஸ்அப்பில் குரல் பதிவாக அனுப்பி வரும் எனக்கு, வாய்க்காலில் தண்ணீர் திறக்கும் அறிவிப்பை ஓர் அலுவலகம் படமாக அனுப்பியது. திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் கைப்பேசிச் செயலியான டாக்பேக் "படம்" என்று சொன்னதோடு நின்றுவிட்டது. எழுத்தாகத் தரும்படி கேட்டதற்கு, "வீட்ல யாரையாச்சும் படிக்கச் சொல்லுங்க அம்மணி" என்றார்கள். ஆள் தேடிப் படிக்கச் சொல்லிப் பதிவு செய்வதற்குள் தண்ணீரே வந்துவிட்டது. விரல்மொழியர், தொடுகை என்று பார்வையற்றவர்களே மின்னிதழ் நடத்திக் காட்டிவிட்ட காலம் இது. ஊடகங்களில் வரும் தகவல்கள் எங்களுக்கு எட்டும் வடிவில் இருப்பதை அரசு உறுதிசெய்ய வேண்டும் என்று 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமே சொல்கிறது.

பனியன் ஊர்க்காரன், திருப்பூர்:
இருவருமே சத்தத்தைப் பற்றித்தான் பேசுகிறீர்கள். எங்கள் கம்பெனியில் செக்கிங் பார்க்கும் காதுகேளாத பெண் ஒருவர், ஞாயிறுதோறும் சைகைமொழியில் செய்தி சொல்லிக் காணொளி போடுகிறார். கீழே தமிழில் வரி ஓடினால் போதாதா என்று கேட்டேன். துண்டுச் சீட்டில் "தமிழ் எனக்கு இரண்டாவது மொழி" என்று எழுதிக் காட்டினார். இந்தியச் சைகைமொழிக்கென்று தில்லியில் 2015இல் ஆய்வு, பயிற்சி மையமே தொடங்கிவிட்டார்கள். நாம்தான் அதை இன்னும் கைஜாடை என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

ஆகவே மஞ்சள் விலைச் செய்தியைச் சைகைமொழியிலும் தரச் சொல்லி, அந்தத் தம்பியிடம் சில விஷயங்களைச் சொல்லுங்கள். சைகையில் சொல்பவரைத் திரையின் மூலையில் தபால்தலை அளவுக்குச் சுருக்கக் கூடாது, முகமும் இரு கைகளும் இடுப்புவரை தெரிய வேண்டும். கட்டமோ பூவோ போட்ட சட்டை வேண்டாம், தோல் நிறத்திலிருந்து மாறுபட்ட ஒற்றை நிறம் நல்லது. வெளிச்சம் பின்னாலிருந்து விழுந்தால் விரல்கள் கறுத்துப்போகும். கூட யாராவது வந்தால், வியாபாரியின் கையை நெருக்கத்தில் படமெடுக்கச் சொல்லுங்கள்; மஞ்சள் ஒடிவதும் வளைவதும் கண்ணுக்கும் தெரியும்.