லாங்கபான்வெக் சீல் எலும்பும் துறைமுகத்துச் சீலும்: இரண்டும் ஒரே வம்சமா?

சாட்ஸ்வர்த்வாசி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நான் டர்பனில், சாட்ஸ்வர்த்தில் இருக்கிறேன். சனிக்கிழமைகளில் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். ஜூலை விடுமுறையில் கேப்டவுனில் இருக்கும் அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தேன். ஒருநாள் அண்ணன் மகளோடு துறைமுகத்தில் சீல் பார்க்கப் போனோம். பலகை மேல் ஆறேழு படுத்திருந்தன. ஒன்று பின்துடுப்பைத் தூக்கிக் காதுக்குப் பின்னால் சொறிந்துகொண்டது, நம் வீட்டு நாய் சொறிவது போலவே. தமிழில் கடல்நாய் என்று பெயர் வைத்தவர் இதைப் பார்த்துத்தான் வைத்திருப்பார் என்று தோன்றியது.

மறுநாள் அங்கிருந்து வடக்கே 120 கிலோமீட்டர் தள்ளி, லாங்கபான்வெக்கில் இருக்கும் வெஸ்ட் கோஸ்ட் ஃபாஸில் பார்க்குக்குப் போனோம். ஒரு காலத்தில் பாஸ்பேட் சுரங்கமாக இருந்த இடம். தோண்டிய குழியில் எலும்புகளை எடுக்காமல் அப்படியே விட்டு, மேலே கூரை போட்டிருக்கிறார்கள். அதிகமும் சிவதேரியம் என்ற குட்டைக்கழுத்து ஒட்டகச்சிவிங்கியின் எலும்புகள். சிவாலிக் மலையில் முதலில் கிடைத்த விலங்கு என்பதால் சிவன் பெயர். அதைக் கேட்டதும் அண்ணன் மகளுக்கு ஒரே சந்தோஷம்.

50 லட்சம் ஆண்டுப் பழைய சீல் எலும்புகளையும் காட்டினார்கள். இவள் உடனே, “அத்தை, இது நேத்துப் பார்த்த சீலோட பாட்டியா?” என்றாள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். வழிகாட்டிப் பெண்மணி குறுக்கிட்டு, இல்லை, இது வேறு வம்சம் என்றார். அதற்குள் அடுத்த குழு வந்துவிட்டது.

பிள்ளைக்குத் தப்பாகச் சொல்லிவிட்டேனே என்று மனதுக்குக் கஷ்டமாக இருக்கிறது. பாட்டி இல்லை என்றால் அது யார்? எங்கிருந்து வந்தது, எங்கே போனது? இப்போது இருக்கும் சீல் அப்புறம் எப்படி வந்தது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ரைலண்ட்ஸ் வாத்தியார் எழுதியது:

டீச்சர், வருத்தப்பட வேண்டாம். நான் கேப்டவுனில் பள்ளியில் உயிரியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன். 1998இல் அந்தப் பார்க்கைத் திறந்ததிலிருந்து எத்தனையோ முறை மாணவர்களை அழைத்துப் போயிருக்கிறேன். அண்ணன் மகள் கேட்ட கேள்வியை எல்லாப் பிள்ளைகளும் கேட்பார்கள்.

அந்தப் பழைய சீலின் பெயர் ஹோமிஃபோகா கேப்பென்சிஸ். 1972இல் ஹெண்டி, ரெப்பெனிங் இருவரும் வேறொரு பேரினத்தில் சேர்த்து விவரித்தார்கள். 1980இல் தனிப் பேரினமாகி இந்தப் பெயர் வந்தது. அது காதுமடல் இல்லாத சீல் குடும்பம். நீங்கள் துறைமுகத்தில் பார்த்த கேப் சீலுக்குச் சின்னதாகக் காதுமடல் உண்டு, உடம்பில் அடர்ந்த உரோமமும் உண்டு. அது கடற்சிங்கங்களின் பங்காளி.

எலும்பை வைத்து எப்படிப் பிரிப்பது என்று கேட்பீர்கள். கணுக்காலைப் பாருங்கள். துறைமுகச் சீல் பின்துடுப்பை முன்பக்கம் மடக்கி, அதை ஊன்றி நடக்கும். காதில்லாத சீலின் கணுக்கால் எலும்பில் பின்பக்கம் ஒரு நீட்டல் இருக்கும். அதன் மேல் ஓடும் தசைநாண் பாதத்தை முன்னால் மடக்க விடாது. அதனால்தான் அவை கரையில் கம்பளிப்பூச்சி மாதிரி வயிற்றால் தவழ்கின்றன. ஒரு கையளவு எலும்பு போதும், எந்தக் குடும்பம் என்று சொல்லிவிடலாம்.

இனி வந்த வழி. காதில்லாத சீல்களின் பழைய எலும்புகள் வட அட்லாண்டிக்கின் இரு கரைகளிலும் கிடைக்கின்றன. அங்கிருந்து தெற்கே இறங்கின என்பதுதான் நெடுநாள் கருத்து. அப்போது வட அமெரிக்காவுக்கும் தென் அமெரிக்காவுக்கும் நடுவில் கடல் திறந்திருந்தது. சுமார் 30 லட்சம் ஆண்டுகளுக்கு முன்தான் பனாமா நிலம் அதை அடைத்தது. பெருவின் பிஸ்கோ பாலைவனத்தில் அக்ரோஃபோகா என்ற நீளக்கழுத்துச் சீல் கிடைப்பதற்கு அந்தத் திறந்த வழி ஒரு காரணம்.

ஆனால் நியூசிலாந்தின் டாரனாக்கிக் கடற்கரையில் கிடைத்த 30 லட்சம் ஆண்டுப் பழைய எயோமொனாக்கஸைப் பற்றிய கட்டுரை 2020இல் வந்தபோது கதை மாறியது. அது துறவிச் சீல், காதில்லாத சீல்களில் ஒரு வகை. துறவிச் சீல் இனத்துக்கு அதுவரை தென்பாதியில் எந்தத் தடயமும் இல்லை. இப்போது, இந்தக் கிளை தெற்கிலேயே வளர்ந்து, நிலநடுக்கோட்டை ஒருமுறை அல்ல, பலமுறை இருபக்கமும் கடந்திருக்கலாம் என்கிறார்கள். எனக்கு இது பெரிய விஷயம். நான் 30 வருடம் ஒருவழிப் பாதையாகத்தான் கரும்பலகையில் அம்புக்குறி போட்டேன்.

துறைமுகச் சீலின் முன்னோர் வந்தது வேறு கடல். காதுள்ள சீல்களின் மிகப் பழைய எலும்புகள் கலிஃபோர்னியாவில் கிடைக்கின்றன. அவை பசிபிக் கரையோரமாகவே, பெருவின் குளிர்ந்த நீரோட்டத்தைப் பிடித்துத் தெற்கே வந்தன. பிறகு தென்கடலில் மேற்கிலிருந்து கிழக்கே ஓடும் நீரோட்டத்தோடு பரவி நம் கரைக்கு வந்தன. வட அட்லாண்டிக்கில் இன்றைக்கும் காதுள்ள சீல் ஒன்றுகூட வாழவில்லை. நம் கேப் சீலின் அதே இனம் ஆஸ்திரேலியாவின் தென்கிழக்கிலும் இருக்கிறது.

ஹோமிஃபோகா ஏன் போயிற்று? கடல்மட்டம் இறங்கிக் கரையின் உருவமே மாறியபோது, குட்டி போட ஏற்ற கரைகள் குறைந்தன என்பது ஆய்வாளர்கள் சொல்லும் ஒரு காரணம். சிலி, பெரு கரைகளிலும் இதே மாதிரி காதில்லாதவை மறைந்து காதுள்ளவை இடம்பிடித்தன.

இன்னொன்று, இதை உங்கள் வகுப்பில் கட்டாயம் சொல்லுங்கள். லாங்கபான்வெக் சீல் எலும்புகளை ஆராய்ந்து 2012இல் கட்டுரை எழுதியவர்களில் ரொமாலா கோவெண்டர், அனுசுயா சின்சாமி என்ற பெயர்கள் இருக்கின்றன. கோவெண்டர், சின்சாமி! நம் தெருவில் கதவுக்குக் கதவு இருக்கும் பெயர்கள்.

ஹவுட்பேக்காரி எழுதியது:

அக்கா, ராபன் தீவின் பெயரே சீல்தான். டச்சு மொழியில் ராபன் என்றால் சீல்கள். அங்கே மண்டேலாவை அடைத்த சிறையைத்தான் எல்லாரும் நினைப்பார்கள். பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

அப்புறம், துறைமுகத்தில் பிள்ளையை ரொம்பக் கிட்டே விடாதீர்கள். 2024இல் கேப் சீல்களுக்கு ரேபிஸ் இருப்பது உறுதியானது. எங்கள் பக்கம் நாயைக் கடற்கரைக்குக் கூட்டிப்போகிறவர்கள் தடுப்பூசி போட்டுத்தான் போகிறோம்.

கரைவலை வீட்டுப்பிள்ளை எழுதியது:

வாத்தியார் ஐயா குளிர்ந்த நீரோட்டத்தைப் பற்றிச் சொன்னதும் எங்கள் தாத்தா ஞாபகம் வந்தது. அவர் டர்பனில் கரைவலை இழுத்தவர். ஜூன், ஜூலையில் கேப் பக்கத்திலிருந்து குளிர்ந்த தண்ணீர் கரையை ஒட்டி ஒரு பட்டையாக மேலே ஏறி வரும்போது சார்டின் வரும். அதன் பின்னாலேயே டால்ஃபின், சுறா, கன்னெட் பறவை, இந்தக் கேப் சீலும் வரும். தாத்தா விடியற்காலையில் முழங்கால் ஆழத்தில் இறங்கி நிற்பார். தண்ணீர் கால் விரலைக் கடித்தால், “வலையை ஏத்துங்கடா” என்பார்.

சீல் வலைக்குள் தலையை விட்டால் சலிப்பார், ஆனால் அடிக்க விட மாட்டார். “அது மீனைத் தேடி எவ்வளவு தூரம் நீந்தி வந்திருக்கு பார்” என்பார். தண்ணீர் சூடானதும் மீனோடு சீலும் திரும்பிப் போய்விடும். லட்சம் வருடக் கதை எனக்குத் தெரியாது. ஒரே பருவத்தில் அது குளிர்ந்த தண்ணீரை விடாமல் எங்கள் கரை வரைக்கும் வருவதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

சாட்ஸ்வர்த்வாசி எழுதியது:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. நேற்று இரவே அண்ணன் மகளுக்குப் போன் போட்டு, அத்தை தப்பாகச் சொல்லிவிட்டேன், அது பாட்டி இல்லை என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, “அப்போ இவங்க வர்றதுக்கு முன்னாடி அங்க குடியிருந்தவங்களா?” என்றாள். ஆமாம் என்றேன். இந்த முறை சரியாகத்தானே சொல்லியிருக்கிறேன், ஐயா?

டிசம்பரில் திரும்பவும் போகிறோம். அந்தக் கணுக்கால் எலும்பைக் காட்டச் சொல்லிக் கேட்கப்போகிறேன்.